நல்ல நாளில்தான் கவனம் வேண்டும்

நாள்பட்ட வலியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வலி குறைந்த நாளில் என்ன செய்வீர்கள்?" என்பதைத்தான். "சேர்ந்துபோன வேலையையெல்லாம் அன்றைக்கே முடித்துவிடுவேன்" என்பார்கள். அப்புறம் இரண்டு மூன்று நாள் படுக்கை. இப்படியே போனால் தசை தளர்ந்து, அடுத்த முறை அதைவிடக் குறைந்த வேலைக்கே வலி வந்துவிடும்.

அதனால், மோசமான நாளிலும் எவ்வளவு முடியுமோ அதிலிருந்துதான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். பல வருடமாக உடல்வலியோடு இருந்த ஓர் அம்மாவுக்கு நான் கொடுத்த முதல் பயிற்சி, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஐந்தே தடவை. மூன்றாவது தடவை மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தார், தாடை இறுகியிருந்தது. "மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திருங்கள், அம்மா" என்றேன். அடுத்த தடவை தோள் தானாக இறங்கியது. முடிந்ததும், "இவ்வளவுதானா? இன்னும் பத்து செய்கிறேனே" என்றார். நான் விடவில்லை. இரண்டு வாரம் ஐந்திலேயே நின்றோம். பிறகுதான் ஆறு.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் பலருக்கு நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்துவிடும். சின்ன அசைவும் வலியாகத் தெரியும். ஆகவே லேசாக வலி கூடியதும் ஏதோ கிழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. வராவிட்டால் அளவைக் குறையுங்கள்.

ஆனால் சிலருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சிறு உழைப்புக்குப் பிறகு, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக்கூட, உடம்பு அப்படியே சரிந்துவிடும். தூங்கினாலும் தீராது. நாள்பட்ட சோர்வு நோயின் முக்கிய அடையாளம் இது. கோவிட்டுக்குப் பின் சோர்வு நீடிப்பவர்களில் சிலருக்கும் உண்டு. நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களுக்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் திட்டம் கூடாது என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021-ல் வழிகாட்டியது. அவர்களிடம் "கொஞ்சம் முயற்சி பண்ணு" என்று வீட்டில் யாரும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர்கள் முயன்றதால்தான் படுத்திருக்கிறார்கள்.

நீங்கள் எந்த வகை என்று தெரியவில்லையா? இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: இன்று என்ன செய்தேன், மறுநாள் எப்படி இருந்தேன், அதற்கும் மறுநாள் எப்படி இருந்தேன். பயிற்சியைத் தொடங்கும் முன் அந்த நோட்டோடு உங்கள் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.