பெடலில இருந்து காலை எடுங்கோ

ஜூலை மாதத்துச் சனிக்கிழமைகளில் என் தொலைபேசி காலை ஏழு மணிக்கே அடிக்கத் தொடங்கிவிடும். பெரும்பாலும் நம்மாட்கள்தான். போன கோடையில் வந்த ஒரு அழைப்பு இப்படித் தொடங்கியது: "தம்பி, கக்கூஸ் பொங்கி வருது. மிதிக்க மிதிக்கக் கூடுது, குறையிற பாடாய் இல்லை."

"அண்ணை, முதல்ல பெடலில இருந்து காலை எடுங்கோ. வெளியில போய்த் தண்ணிப் பைப்பைப் பூட்டுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

கனடாவின் ஒன்ராறியோவில், உள்ளேயே படுத்துச் சமைக்கக்கூடிய ட்ரெயிலர்களையும் மோட்டர்ஹோம்களையும் திருத்துவது என் தொழில். எஞ்சின் கோளாறுக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நான் பார்ப்பதெல்லாம் தண்ணீர்தான்: உள்ளே வரக்கூடாத இடத்தில் வந்தது, வெளியே போகவேண்டிய நேரத்தில் போகாதது. ரொறன்ரோப் பக்கம் ஸ்காபுறோவிலும் மார்க்கம் நகரிலும் இருந்து இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அல்கொங்குவின் பூங்காப் பக்கம் போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. போகிறவர்களுக்கு வாடகைக் கடையில் பத்து நிமிடம் விளக்கம் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் மேல் கட்டிலில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் அவர்களை அதட்டிக்கொண்டிருப்பார்கள். தாங்கிகளைப் பற்றிச் சொன்னது யார் காதிலும் விழுந்திருக்காது.

வீட்டில் ஃப்ளஷ் பண்ணினால் நகரசபையின் குழாய்க்குப் போய்விடும். பிறகு அது நம் பொறுப்பு இல்லை. ட்ரெயிலரில் அது எங்கேயும் போவதில்லை. காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் உள்ள ஒரு பிளாஸ்டிக் தாங்கியில் உங்களோடேயே பயணம் செய்கிறது. மூன்று தாங்கிகள் உண்டு. ஒன்று நல்ல தண்ணீருக்கு. மற்றது குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு. அதை கிரே என்பார்கள். மூன்றாவது கக்கூஸுக்கு மட்டும், அது பிளாக். 28 அடி மோட்டர்ஹோம் ஒன்றில் இந்த பிளாக் தாங்கி சுமார் 115 லிட்டர் பிடிக்கும். கக்கூஸுக்கும் தாங்கிக்கும் நடுவே வீட்டில் உள்ளதுபோல வளைந்த குழாய் கிடையாது. பெடலை மிதித்தால் ஒரு தகடு விலகும், நேரே கீழே விழும், அவ்வளவுதான். தாங்கி நிரம்பியிருக்கும்போது மிதித்தால் தகடு விலகும், ஆனால் விழுவதற்கு இடம் இராது. அதே மிதியில் தண்ணீரும் திறபடும். அதனால்தான் காலை எடுக்கச் சொன்னேன்.

"சென்சர் மூன்றில் ரெண்டு எண்டுதானே தம்பி காட்டுது?" என்று அண்ணை கேட்டார். அந்த விளக்குகளை நம்பவேண்டாம். தாங்கிச் சுவரில் சிறு உலோக முனைகள் இருக்கும். ஈரம் பட்டால் விளக்கு எரியும். அதில் கடுதாசி ஒட்டிக்கொண்டால் வெறும் தாங்கியும் நிறைந்ததாகத்தான் காட்டும். வாடகைக் கடைக்காரர் போன வருசத்திலிருந்தே மூன்றில் இரண்டு காட்டும் விளக்கைப் பார்த்துப் பழகியிருப்பார், உங்களுக்கு அது தெரியாது. கணக்கை மனதில் வையுங்கள். பெடலை மிதித்தபடி ஒரு டோர்ச் அடித்துப் பார்த்தால் விளக்கைவிட அது சரியாகச் சொல்லும்.

இந்தக் கணக்கில் நம்மவர்களுக்கென்று ஒரு தனி வரி இருக்கிறது. இங்கத்தைய புத்தகங்களில் யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். நாம் கழுவுகிற சனம். ஒரு வகையில் அது தாங்கிக்கு நல்லது. கடுதாசி மட்டும் பாவிக்கிறவர்கள் தண்ணீரைச் சிக்கனமாக விடுவார்கள். கடுதாசியும் மற்றதும் கக்கூஸுக்கு நேர் கீழே கூம்பாகக் குவிந்து இறுகிவிடும். அந்தக் கோபுரத்தை உடைக்க நான் மணித்தியாலக் கணக்கில் சுடுதண்ணீர் விட்டுக் கொண்டிருந்திருக்கிறேன். நம் வீட்டு வண்டிகளில் அந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. ஆனால் ஒரு முறைக்கு மூன்று லிட்டர் என்று வைத்து, பத்துப் பேர், ஆளுக்கு ஐந்து முறை என்று பெருக்கிப் பாருங்கள். 150 லிட்டர். தாங்கி பிடிப்பது 115. வெள்ளி இரவு போய்ச் சேர்ந்தவர்களுக்குச் சனி பின்னேரத்துக்குள் நிரம்பிவிடும். இரண்டு பேர் போனால் ஒரு வாரம் வரும் என்று வாடகைக் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. அவர் சொன்னது வேறு ஆட்களுக்கு.

ஒரு போத்தலில் தண்ணீர் வைத்துக் கழுவினால் அரை லிட்டரில் வேலை முடியும். பூங்காவின் பொதுக் கழிப்பறை பக்கத்தில் இருந்தால் பகலில் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். அல்கொங்குவின் போன்ற மாகாணப் பூங்காக்களில் மின்சாரம் உள்ள இடம் கிடைக்கும், ஆனால் உங்கள் கூடாரத்தடியிலேயே கழிவுக் குழாய் இராது. வண்டியை எடுத்துக்கொண்டு கழிவு இறக்கும் நிலையத்துக்குப் போகவேண்டும். அடுப்பும் கதிரையும் பரப்பிய பிறகு யாருக்கும் வண்டியை அசைக்க மனம் வராது. பொங்குவது பெரும்பாலும் அந்தப் பஞ்சியில்தான்.

சிலர் சொந்த ட்ரெயிலரில் வீட்டில் போலவே கைத்தெளிப்பான் பூட்டுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. தெளிப்பானில் அல்ல, பூட்டுகிற விதத்தில். வீட்டுக் கக்கூஸின் மரை அளவும் ட்ரெயிலரின் மரை அளவும் ஒன்றல்ல. கடையில் வாங்கிய இணைப்பை முறுக்கி முறுக்கி ஏற்றுவார்கள், பிளாஸ்டிக் மரை நசிந்துவிடும். அதைவிட, தெளிப்பானின் கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டு, சுவரோரம் உள்ள அடைப்பானைப் பூட்டாமல் படுக்கப் போவார்கள். அந்த மெல்லிய ஹோஸ் இரவெல்லாம் அழுத்தத்தில் நிற்கும். அது வெடித்தால் தண்ணீர் கக்கூஸுக்குள் போகாது, தரைக்குப் போகும். பூட்டத்தான் வேண்டுமென்றால், தெளிப்பானுக்குக் குழாய் பிரியும் இடத்திலேயே தனியாக ஒரு அடைப்பான் வையுங்கள், ஒவ்வொரு முறையும் அதைத் திருப்புங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் போத்தல்தான் நல்லது.

நான் கண்டதிலே மிக மோசமான பொங்கல் யாரும் கக்கூஸுக்குப் போகாதபோது நடந்தது. புது வண்டிகளில் பிளாக் தாங்கியைக் கழுவுவதற்கென்று வெளியே ஒரு ஹோஸ் வாய் இருக்கும். இறக்கும் வால்வைத் திறந்துவைத்துக்கொண்டு அதில் தண்ணீர் விட்டால் உள்ளே தெளித்துக் கழுவும். ஒரு குடும்பம் வால்வை மூடிவிட்டு, கொஞ்சம் ஊறட்டும் என்று தண்ணீரைத் திறந்துவிட்டது. அந்த நேரம் பக்கத்து இடத்தில் ஊர்க்காரர் ஒருவர். "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கதை தொடங்கி, சாவகச்சேரிச் சந்தையும் முடிந்து, பிறகு பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருக்கிறது. ஹோஸில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்றாலும் பாதி நிறைந்த தாங்கி ஆறு நிமிடத்தில் நிரம்பும். நிரம்பிய பிறகும் அழுத்தம் நிற்காது. கக்கூஸ் தகட்டின் ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், கூரையில் உள்ள காற்றுக் குழாயாலும் வரும். அன்று இரண்டாலும் வந்தது. கம்பளத்தையும் கட்டிலின் அடிப்பலகையையும் கழற்றி எறிந்தோம். ப்ளீச் போட்டுக் கழுவி மீட்கக்கூடிய பொருட்கள் அல்ல அவை. ஊறவைக்கத்தான் வேண்டுமென்றால் தொலைபேசியில் மூன்று நிமிட மணி வைத்து, பைப்படியிலேயே நில்லுங்கள். ஊர்க்காரரை அங்கே வரச்சொல்லுங்கள்.

குளிக்கும் இடத்தில் தண்ணீர் ஏறினால் அது வேறு தாங்கி. கிரே நிரம்பினால் மிகத் தாழ்ந்த வாயால்தான் வெளியே வரும், அது குளியல் தொட்டி. சோற்றுக் கஞ்சியும் பொரித்த மீன் எண்ணெயும் மிதக்கும், பார்த்தவுடனே தெரியும். பெரிய பானையை வெளியே கடுதாசியால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதிப் பிரச்சினை தீரும்.

தனியார் முகாம்களில் தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் நேரே இணைத்துவிடலாம். அங்கே ஆட்கள் செய்யும் பிழை, பிளாக் வால்வைத் திறந்தே விட்டுவிடுவது. தண்ணீர் ஓடிவிடும், மற்றது தங்கிக் காயும். மூன்றில் இரண்டு நிரம்பும்வரை மூடிவைத்து, பிறகு ஒரே அடியாகத் திறவுங்கள். முதலில் பிளாக், பிறகு கிரே. கிரே தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். முடிந்ததும் பிளாக் தாங்கிக்குள் பத்து லிட்டர் நல்ல தண்ணீர் விட்டுவிட்டுப் புறப்படுங்கள். "கழுவிவிடலாம்" என்று எழுதிய ஈரத்துடைப்பான்களைத் தயவுசெய்து போடவேண்டாம். ஒரு போத்தலில் தண்ணீர் விட்டு அதைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள், அடுத்த நாளும் முழுசாக இருக்கும்.

இனி, பொங்காமல் கசிவது. இதற்கு யாரும் காலை ஏழு மணிக்கு அழைப்பதில்லை, அதுதான் இதன் கெட்ட குணம்.

ட்ரெயிலரின் குழாய்களுக்கு 40 முதல் 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். சில முகாம்களின் பைப்பில் 80, 100 கூட வரும். இரவில் யாரும் பாவிக்காத நேரத்தில் இன்னும் ஏறும். அழுத்தக் குறைப்பான் ஒன்றை வாங்கி, வண்டிப் பக்கம் அல்ல, முகாமின் பைப்பிலேயே பூட்டுங்கள். ஹோஸும் பிழைக்கும். ஏரிக்குக் குளிக்கப் போகும்போது பைப்பைப் பூட்டிவிட்டுப் போங்கள். உள்ளே ஒரு குழாய் கழன்றால், நல்ல தண்ணீர்த் தாங்கியில் உள்ளது 150 லிட்டரோடு முடியும். முகாமின் பைப்புக்கு முடிவே இல்லை.

கசிவைக் கண்டுபிடிக்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: 12 வோல்ட் பம்ப். வெளிக்குழாயைக் கழற்றி, பம்பைப் போட்டு, எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு அமைதியாக இருங்கள். பம்ப் அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிற்கவேண்டும். சில நிமிடத்துக்கொருமுறை "டர்ர்" என்று தானாக இயங்கினால் எங்கேயோ தண்ணீர் போகிறது. கக்கூஸின் அடியில் ஈரம் என்றால், அது எப்போதும் வருகிறதா, மிதிக்கும்போது மட்டும் வருகிறதா என்று பாருங்கள். எப்போதும் என்றால் பின்னால் உள்ள தண்ணீர் வால்வு. மிதிக்கும்போது மட்டும் என்றால் அநேகமாக அடி ரப்பர். கோப்பையில் உணவுச் சாயம் கொஞ்சம் கரைத்துவிட்டால் நிறம் காட்டிக்கொடுக்கும்.

அந்த வால்வு கெட்டதற்குக் காரணத்தைக் கேட்டால் பத்துக்கு ஏழு பேர் "சும்மா கிடந்தது" என்பார்கள். சும்மா கிடக்கவில்லை, பனியில் கிடந்தது. தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 வீதம் பருக்கும். ஒக்டோபர் நன்றிநாள் கழிந்ததும் தாங்கிகளையும் சுடுநீர்க் கலனையும் வெறுமையாக்கி, குழாய்களில் இளஞ்சிவப்பு உறைதடுப்பானை ஏற்றவேண்டும். ஒவ்வொரு பைப்பிலும் நிறம் வரும்வரை, வெளிச் ஷவரிலும், கக்கூஸிலும். கக்கூஸை மறக்கிறவர்கள்தான் மே மாதத்தில் என்னிடம் வருகிறார்கள். காரில் ஊற்றும் பச்சை நிறத்து உறைதடுப்பானை ஊற்றிவிடாதீர்கள், அது நஞ்சு.

கூரைக் கசிவு எல்லாவற்றிலும் மெல்லக் கொல்லும். ரப்பர்க் கூரை தானாக ஓட்டையாவது அரிது. காற்று வாய், ஏணி, ஏசி, அன்டெனா என்று ஆணி போன இடங்களைச் சுற்றிப் பூசிய சீலன்ட் வெயிலிலும் பனியிலும் வெடிக்கும். வருசத்துக்கு இரண்டு தரமாவது ஏறிப் பாருங்கள். அதற்கென்று உள்ள, தானே பரவும் சீலன்டைத்தான் பூசவேண்டும். வீட்டுக் குளியலறைச் சிலிக்கோனைப் பூசினால் அது ரப்பரில் நிற்காது, அதன்மேல் வேறொன்றும் ஒட்டாது. நான் பிறகு அதைச் சுரண்ட எடுக்கும் நேரத்துக்கும் உங்களிடம்தான் காசு கேட்பேன்.

பழைய ட்ரெயிலர் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய அவசியம் இல்லை. பெருவிரல் போதும். உள்ளே மூலைகளில், யன்னலுக்குக் கீழே, அலுமாரிக்குள்ளே அமத்துங்கள்; விரல் அமிழ்ந்தால் தண்ணீர் புகுந்து உள்ளே உக்கிவிட்டது. கக்கூஸைச் சுற்றித் தரையை மிதியுங்கள். வெளிச் சுவரில் சாய்வாகப் பார்த்தால் பப்படம்போலப் பொங்கியிருக்கிறதா என்று தெரியும். உள்ளே புதிதாக வாசனைத் திரவியம் அடித்திருந்தால் இன்னும் கவனமாக அமத்துங்கள்.

இந்த மே மாதம் ஒரு தம்பி வந்தான். கல்யாணமாகி முதல் வருசம், சேர்த்துவைத்த காசில் வாங்கிய ட்ரெயிலர். "அண்ணை, கக்கூஸ் வால்வில ஒரு சொட்டு வருது, அதை மட்டும் பாருங்கோ" என்றான். வால்வை மாற்ற அரை மணி. கருவிகளை எடுத்துவைக்கும்போது பழக்கதோசத்தில் கட்டிலுக்கு மேலே மூலையைப் பெருவிரலால் அமத்தினேன். சுவர்க் கடுதாசி உள்ளே போனது, விரலும் போனது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"அண்ணை, மற்ற மூலையையும் ஒருக்கா அமத்துங்கோ."

அமத்தினேன். அதுவும் போனது.