மனநல நெருக்கடியில் போலீஸ் என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் ஒருவர் மனநோயின் பிடியில் தன்னையோ பிறரையோ காயப்படுத்திவிடுவார் என்ற நிலை வந்தாலும் போலீஸைக் கூப்பிடக் குடும்பத்தார் தயங்குவார்கள். ‘ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள், கேஸ் ஆகிவிடும்’ என்ற பயம்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 100-வது பிரிவில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. சட்டம் 2018 மே 29 முதல் அமலில் உள்ளது.

மனநோயால் தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்தாக இருப்பவரையும், தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் தெருவில் திரிபவரையும் ஸ்டேஷன் பொறுப்பதிகாரி தன் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். ஏன் அழைத்துப்போகிறோம் என்பதை அவரிடமே சொல்ல வேண்டும். அவருக்குப் புரியாது என்று தோன்றினால், அவருடைய நியமனப் பிரதிநிதியிடம், அதாவது சிகிச்சை விஷயங்களில் அவர் சார்பில் பேசுபவரிடம், சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயாக வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. ‘ராத்திரி நேரம், வண்டி இல்லை, காலையில் பார்க்கலாம்’ என்று லாக்கப்பில் உட்கார வைக்கவும் சட்டத்தில் இடமில்லை.

அட்மிட் செய்யத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னால், வீட்டில் கொண்டுபோய் விடுவதும் போலீஸின் வேலைதான். வீடில்லாதவர் என்றால் அரசு காப்பகத்துக்கு. அப்படிப்பட்டவர்களுக்குக் காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தையும் தேட வேண்டும்.

சரி, சம்பவ இடத்தில் அவரிடம் பேசுவது யார்? சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன். போலீஸுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி தர வேண்டும் என்று 30-வது பிரிவு சொல்கிறது. ஆனால் மனநல ஆலோசகர் ஒருவர் கூடவே வர வேண்டும் என்று 100-வது பிரிவில் ஒரு வரிகூட இல்லை. அதனால் போன் செய்பவர் சொல்லும் தகவலுக்கு மதிப்பு அதிகம். அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்ததும் ‘இது மனநலப் பிரச்சினை’ என்பதை முதலில் சொல்லுங்கள். கையில் ஏதாவது வைத்திருக்கிறாரா, என்ன மருந்து சாப்பிடுகிறார், யார் சொன்னால் கேட்பார் என்பதையும் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்கிற கூட்டத்தையும் செல்போன் கேமராக்களையும் விலக்கிவிட்டு, ஒரே ஒருவர் தணிந்த குரலில் பேசுவது நல்லது. பத்துப் பேர் ஆளுக்கொரு புத்தி சொன்னால் பதற்றம்தான் ஏறும். நிலைமை அவ்வளவு முற்றவில்லை என்றால் 14416-க்கு, அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸுக்கு, எந்நேரமும் பேசலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 115-வது பிரிவு. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: அரசு ஊழியர் ஒருவரைக் கடமையைச் செய்ய வைக்கவோ, செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 226-வது பிரிவில் ஓராண்டு வரை சிறைக்கு வழியுண்டு. கோரிக்கைக்காக செல்போன் டவரில் ஏறுகிறவர்கள் விஷயத்தில் இந்தப் பிரிவு பேச்சுக்கு வரலாம்.

அப்புறம், மனநோயாளி ஒருவரை வீட்டிலேயே அடைத்துவைத்துக் கொடுமைப்படுத்தினால் அக்கம்பக்கத்தாரும் ஸ்டேஷனில் சொல்லலாம். 101-வது பிரிவின்படி அது மாஜிஸ்திரேட்டிடம் போகும். இலவச சட்ட உதவி உண்டு என்பதைப் பாதிக்கப்பட்டவரிடம் எடுத்துச் சொல்வதும் போலீஸின் கடமை. அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.