ஸ்டாக் கார்: இது எந்த ஸ்டாக்?

போன வாரம் மாமா பையனோட உக்காந்து 'டேஸ் ஆஃப் தண்டர்' பாத்தேன், 1990ல டோனி ஸ்காட் எடுத்து டாம் க்ரூஸ் நடிச்ச கார் ரேஸ் படம். பத்து நிமிஷம்கூட ஆகல, அவன் கேக்கறான், "ஏண்ணா, ரேஸ் கார்னா தரையோட ஒட்டிக்கிட்டு சக்கரம்லாம் வெளிய தெரியுமே, இது என்ன தெருவுல நிக்கற கார் மேல ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கு?" நல்ல கேள்வி. பதில் அந்த ரேஸோட பேர்லயே இருக்கு, ஸ்டாக் கார் ரேஸிங். ஆனா அந்த ஸ்டாக்கை நாம பெரும்பாலும் தப்பாத்தான் புரிஞ்சுக்கறோம், ஒருத்தர் இதை 'இருப்புக் கார்'னே மொழிபெயர்த்திருந்ததைப் பாத்திருக்கேன், குடோன்ல தூங்கற கார் மாதிரி ஆகிடுது அது.

ஸ்டாக்குங்கறது ரொம்பப் பழைய இங்கிலீஷ் சொல். முதல் அர்த்தம் அடிமரம், மரத்தோட தண்டு. அங்கேர்ந்து கிளை விட்டு குடும்ப வம்சம், கடைச் சரக்கு, ஆடுமாடு, கம்பெனிப் பங்கு, சூப்புக்கு அடிப்படையா வைக்கற எலும்புச் சாறு வரைக்கும் போயிருக்கு. நம்ம 'முதல்'ங்கற சொல்லும் இதே வழியிலதான் வந்திருக்கு, பழைய பாட்டுகள்ல மரமுதல்னா மரத்தோட அடி, இன்னைக்கு வியாபாரத்துல முதல்னா போட்ட பணம். ரெண்டு மொழியிலயும் மரத்தோட அடியே வியாபாரத்தோட அடிப்படையா மாறியிருக்கறதைப் பாக்கறப்ப எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இதுல கார் ரேஸுக்கு வேண்டியது கடைச் சரக்குங்கற அர்த்தம். டீலர்கிட்ட ஸ்டாக்ல இருக்கற கார், யார் வேணும்னாலும் காசு குடுத்து வாங்கற கார், கம்பெனிலேர்ந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கற கார். நம்ம ஊர் மெக்கானிக்கும் பைக் பசங்களும் இந்த அர்த்தத்துலதான் இந்தச் சொல்லை தினமும் சொல்றாங்க, "சைலன்சர் ஸ்டாக்குதான் ப்ரோ, மாத்தல", "வண்டி ஸ்டாக் கண்டிஷன்ல இருக்கு"ன்னு, கொஞ்சம் வயசானவங்களா இருந்தா "கம்பெனி ஃபிட்டிங்"ம்பாங்க. (அமெரிக்க ரயில்வேல ஸ்டாக் கார்னா ஆடுமாடு ஏத்திட்டுப் போற பெட்டி, அது வேற சங்கதி.)

அமெரிக்காவுல இந்த ரேஸை நடத்தறது நாஸ்கார்ங்கற அமைப்பு. 1948ல பில் ஃபிரான்ஸ்ங்கறவர் ஃபுளோரிடாவுல இருக்கற டேட்டோனா பீச்ல ஆரம்பிச்சது, அந்தப் பேரை விரிச்சா நடுவுலயே 'ஸ்டாக் கார்' உக்காந்திருக்கும். 1949 ஜூன் 19ஆம் தேதி சார்லட்ல ஒரு மண் டிராக்ல ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்ங்கற பிரிவோட முதல் பந்தயம், அதாவது கறாரா கம்பெனி கண்டிஷன்ல இருக்கற கார் மட்டும். க்ளென் டனவே 1947 ஃபோர்டுல முதலாவதா வந்தாரு, ஆனா பந்தயம் முடிஞ்சு காரைப் பிரிச்சுப் பாத்தா பின்பக்க ஸ்ப்ரிங்கை ஆல்டர் பண்ணியிருந்தாங்க, ஏன்னா அது கள்ளச்சாராயம் கடத்தப் பயன்பட்ட கார், எவ்வளவு லோடு ஏத்தினாலும் பின்பக்கம் தாழாம வெளியலேர்ந்து பாத்தா காலிக் கார் மாதிரியே தெரியணும்னு செய்யற வேலை அது. தகுதி நீக்கம் பண்ணிட்டு, கன்சாஸ்லேர்ந்து லிங்கன் கார்ல வந்த ஜிம் ரோப்பர்தான் ஜெயிச்சாருன்னு அறிவிச்சாங்க. ஃபோர்டோட ஓனர் கோர்ட்டுக்குப் போனாரு, அங்கயும் தோத்துட்டாரு. ஸ்டாக்குங்கற சொல்லோட அர்த்தம் என்னங்கறதுதான் அந்த ஆட்டத்தோட முதல் சண்டையே, அதனாலதான் இந்தச் சொல்லை விட மாட்டேங்கறேன்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அந்த அர்த்தம் கரைஞ்சுது. முதல்ல பாதுகாப்புக்குன்னு மாத்த விட்டாங்க, அப்புறம் வேகத்துக்கு. 1970ல ப்ளிமத் கம்பெனி சூப்பர்பேர்ட்னு பின்னாடி உயரமா ரெக்கை வச்ச ஒரு காரைப் பொதுமக்களுக்கே வித்துச்சு, வித்தாத்தான் ரேஸ்ல விடுவாங்கங்கறதுக்காக. அதுவரைக்கும்கூட அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்துச்சுன்னு சொல்லலாம்.

படம் வந்த 1990ல அதுவும் போயாச்சு. படத்துல டாம் க்ரூஸ் பண்ற ஹீரோ கோல் ட்ரிக்கிள் ஓட்டறது ஷெவர்லே லூமினா. கடையில வித்த லூமினா முன்சக்கரத்துல இழுக்கற குடும்பக் கார், ரேஸ் லூமினா பின்சக்கரத்துல தள்ளற பெரிய வி8 எஞ்சின், உள்ள இரும்புக் குழாய்ல கட்டின கூடு, மேல லூமினா மாதிரி ஒரு தகடு. கதவே திறக்காது, டிரைவர் ஜன்னல் வழியாத்தான் உள்ள நுழைவாரு. ஹெட்லைட்கூட வெறும் ஸ்டிக்கர்! மாமா பையன்கிட்ட இதைக் காட்டினதும் நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு காரா பாத்தான்.

இந்தப் படத்தைப் பத்தி மக்கள் ரெண்டு விதமாப் பேசறதும் இந்தச் சொல்லைச் சுத்தித்தான்னு நான் நினைக்கறேன். 1986ல 'டாப் கன்' எடுத்த அதே டைரக்டர், அதே தயாரிப்பாளர்கள், அதே ஹீரோ, அதனால விமானத்துக்குப் பதிலா கார்னு பலர் ஒரே வரியில முடிச்சிடறாங்க. ரேஸ் தெரிஞ்சவங்க கோபம் வேற மாதிரி. கடைசி லாப்ல, அதாவது கடைசிச் சுத்துல, ஹீரோ கியரை மாத்தி ஆக்சிலேட்டரை மிதிச்சதும் கார் பறக்குது, அப்ப அதுவரைக்கும் மிதிக்காம என்ன பண்ணிட்டிருந்தான்னு கேக்கறாங்க. நியாயமான கேள்விதான், அந்தக் கடைசிப் பந்தயம் நடக்கற டேட்டோனா 31 டிகிரி சரிவு வச்ச இரண்டரை மைல் டிராக், படம் வந்தப்ப அங்க எஞ்சினுக்குப் போற காத்தைக் குறைக்கற தகடு 1988லேர்ந்தே கட்டாயமா இருந்துச்சு, எல்லாரும் எப்பவும் முழுசா மிதிச்சுக்கிட்டேதான் போவாங்க, முந்தறது முன்னாடி போற கார் கிழிச்சு விடற காத்துக்குள்ள பூந்துதான். ஆனா இப்படித் திட்டற அதே ஆளுங்கதான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பாக்கறாங்க, படத்துல வந்த கார் பெயின்ட்டை நிஜ டிரைவர்களே பின்னாடி தங்களோட காருக்கு அடிச்சு ஓட்டியிருக்காங்க. எஞ்சின் சத்தத்துக்காகவே பாக்கலாம், ஒலிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைச்ச படம்.

எனக்குப் பிடிச்ச இடம் ரேஸே இல்ல. ராபர்ட் டுவால் பண்ற ஹாரி ஹாக், கார் கட்டற பெரியவர், கார் எப்படி இருக்கு, லூஸா டைட்டான்னு கேட்டா ஹீரோவால பதில் சொல்ல முடியாது. அப்புறம் அவனே ஒத்துக்கறான், எனக்கு ஓட்டத் தெரியும், அதைச் சொல்ற சொல்லு தெரியாதுன்னு. லூஸ்னா வளைவுல காரோட பின்பக்கம் வெளிய நழுவறது, டைட்னா ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்பாம நேரா தள்ளிக்கிட்டுப் போறது. இந்த ரெண்டு சொல்லும் வந்த பிறகுதான் அவங்க ரெண்டு பேரும் சேந்து ஜெயிக்க ஆரம்பிக்கறாங்க. சொல்லை இவ்வளவு முக்கியமா வச்ச ரேஸ் படத்தை நான் வேற பாத்ததில்ல.

சரி, தமிழ்ல என்ன சொல்றது. இருப்புக் கார் ஆகாது. சரக்குக் கார்னா லாரின்னு நினைப்பாங்க, இல்லன்னா பாட்டில் ஏத்தின கார்னு நினைப்பாங்க, அந்தக் கள்ளச்சாராயக் கதைக்குப் பொருத்தமா இருந்தாலும் அர்த்தம் அது இல்ல. கடைநிலைன்னா மட்டமானதுன்னு ஆகிடும். முதல்நிலைன்னு சொல்ல எனக்கு ரொம்ப ஆசை, அடிமரத்துல ஆரம்பிச்ச சொல்லுக்கு அதே வேர், ஆனா படிக்கறவங்க ஃபர்ஸ்ட் கிளாஸ்னுதான் எடுத்துப்பாங்க. யோசிச்சுப் பாத்ததுல எனக்குச் சரின்னு படறது 'ஆலைநிலை', ஆலையை விட்டு வந்த நிலை. ஸ்டாக் கார் ஆலைநிலைக் கார், ஸ்டாக் சைலன்சர் ஆலைநிலைச் சைலன்சர், முழுத் தமிழ்ல வேணும்னா ஆலைநிலை மகிழுந்துப் பந்தயம்.

இப்ப ஓடற கார் ஆலைநிலையிலயே இல்லையே, அப்புறம் எப்படி இந்தப் பேருன்னு மாமா பையன் மடக்கினான். எண்ணெய்னா எள்ளோட நெய்தான், நாம தேங்காய் எண்ணெய்னு சொல்றோம், அதுல எள் எங்க இருக்குன்னு நான் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்ப என் பைக்கும் ஆலைநிலையிலதான் இருக்கு, ஹார்ன் மட்டும் மாத்தியிருக்கேன்"னான். 1949ஆ இருந்தா அதுக்கே தகுதி நீக்கம்டான்னேன்.