பத்து நிமிட சார்ஜ்: செய்தியில் இல்லாத மீதிப் பாதி

"பத்தே நிமிடத்தில் சார்ஜ், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம்" என்ற செய்தியை யாராவது எனக்கு அனுப்பாத வாரம் அரிது. கூடவே ஒரு கேள்வி: "இப்போதே மின்வாகனம் வாங்கலாமா, இது வரும்வரை காத்திருக்கலாமா?" பேட்டரி செல்களைச் சோதிப்பது என் தொழில். அந்தச் செய்திகளில் பெரும்பாலும் பொய் இருப்பதில்லை. பாதி உண்மை இருக்கிறது.

பத்து நிமிடம் என்றால் எந்த வெப்பநிலையில்? எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனை வரை? குளிர்ந்த செல்லுக்குள் மின்னோட்டத்தை வேகமாகத் திணித்தால், லித்தியம் அயனிகள், சார்ஜ் ஏறும்போது அவற்றை உள்வாங்க வேண்டிய கிராஃபைட் முனைக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பங்கு திரும்பாது. கொள்ளளவு அந்த அளவுக்குப் போனது போனதுதான்.

இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது திடநிலை பேட்டரி. அயனிகள் கடந்துபோகும் ஊடகமான, எளிதில் தீப்பற்றும் திரவ மின்பகுளிக்குப் பதில் திடப்பொருள். கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் உலோகம். அதே எடையில் கூடுதல் ஆற்றல் கிடைக்கும் என்பது மெய்தான். ஆனால் திரவம் எந்த இடுக்கிலும் ஊறிச் சேரும், திடப்பொருள் சேராது. சார்ஜ் ஏற ஏற லித்தியம் பருக்கிறது, இறங்கும்போது சுருங்குகிறது, இடையில் தொடர்பு விட்டுப்போகிறது. அதனால் செல்லை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒருமுறை எங்களிடம் வந்த மாதிரி செல், சொன்ன எண்களை அப்படியே எட்டியது. அதைக் கவ்வியிருந்த இரும்புத் தகடுகளோ செல்லைவிடப் பல மடங்கு கனம்! வாகனத்தில் அந்தக் கனத்தை யார் சுமப்பது? கந்தகச் சேர்மமான சல்பைடு வகை மின்பகுளி என்றால் இன்னொரு தொல்லை: காற்றின் ஈரம் பட்டாலே அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும்.

எனக்குப் பிடித்தது, பகட்டில்லாத சோடியம் அயனி பேட்டரி. கிலோவுக்கு ஆற்றல் குறைவு. ஆனால் மூலப்பொருள் தாராளம், குளிரைத் தாங்கும், செல்லுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் தாமிரத் தகட்டுக்குப் பதில் அலுமினியம் போதும். சிறிய வண்டிகளுக்குப் பொருந்தும்.

நெடுந்தூர விமானத்துக்கு இவை எதுவும் எட்டாது. விமான எரிபொருளில் கிலோவுக்குச் சுமார் 12,000 வாட் மணி ஆற்றல்; இன்றைய நல்ல லித்தியம் செல்லில் 250 முதல் 300. எரிபொருள் போகப்போகக் குறையும், பேட்டரியின் எடை இறங்கும்வரை அப்படியே இருக்கும்.

ஆய்வகத்திலிருந்து சாலைக்கு வரக் காலம் பிடிக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற பேட்டரி வகை பற்றிய ஆய்வு 1997-இல் வெளியானது. கார்களில் அது பரவலாவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஆகவே காத்திருக்கலாமா என்பவரிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன்: தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் என்பார்கள். அதற்கு அந்தப் பழைய இரும்பு பாஸ்பேட்டே தாராளம்.