டி.ஐ.ஜி. நினைத்தாலும் வேலை வாங்கித் தர முடியாது

போன வாரமும் ஒருவர் வந்தார். மகனுக்கு இந்தியக் கடலோரக் காவல்படையில் நாவிக், அதாவது மாலுமி, வேலை கிடைத்துவிட்டதாம்; பணி ஆணையை நான் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். முத்திரை கச்சிதம். கையெழுத்துக்குக் கீழே ‘கர்னல்’ என்று போட்டிருந்தது. எங்கள் படையில் கர்னலே கிடையாது. உதவி கமாண்டன்ட்டில் தொடங்கி கமாண்டன்ட், டி.ஐ.ஜி., ஐ.ஜி. என்று போகும். இதற்கு வீட்டு நகை அடகுக்குப் போயிருக்கிறது.

‘பெரிய அதிகாரி ஒருவர் கையில் இருக்கிறார்’ என்பதுதான் தரகர் விற்கும் சரக்கு. உதவி கமாண்டன்ட்டாகச் சேர்ந்த நான் டி.ஐ.ஜி. ஆவதற்குள் தலை நரைத்துவிட்டது. அந்தப் பதவியில் கப்பலும் ஆட்களும் என் பொறுப்பில் இருந்தன. ஆட்சேர்ப்புப் பட்டியல் இல்லை. முதலில் கணினிவழித் தேர்வு. அதில் தேறினால் 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், 20 உட்கார்ந்தெழல், 10 தண்டால். என் சிபாரிசா வந்து ஓடப்போகிறது? பிறகு மருத்துவப் பரிசோதனை. ஒடிசாவில் உள்ள கடற்படைப் பயிற்சி மையமான ஐ.என்.எஸ். சில்காவுக்குப் பயிற்சிக்குப் போனால் அங்கே மறுபடியும் பரிசோதிப்பார்கள். எத்தனை இடத்தில் எத்தனை பேருக்குப் பணம் கொடுப்பீர்கள்?

‘எதிர்வீட்டுப் பையனுக்குப் பணம் கொடுத்துத்தானே கிடைத்தது?’ என்று என்னிடமே வாதாடுகிறார்கள். ஐயா, தரகர் பல பேரிடம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். அதில் ஓரிருவர் சொந்த உழைப்பில் தேறுவார்கள். அவர்கள் பணத்தை ‘வேலை முடிந்தது’ என்று எடுத்துக்கொள்வார். தோற்றவர்களில் சத்தம் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பார். நல்ல பெயரும் அவருக்கே! ராத்திரி பகலாகப் படித்த பையனின் வெற்றியைத் தரகர் கணக்கில் எழுதுகிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தமிழ்நாடு போலீஸைச் சேர்ந்தது, நாங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறோம். இந்த இரண்டையும் குழப்பியே ஆள் பிடிக்கிறார்கள், போலீஸிலும் டி.ஐ.ஜி. இருப்பது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

படையின் அதிகாரபூர்வ ஆட்சேர்ப்பு இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேர்வுக் கட்டணத்தைத் தவிர யார் எதற்குப் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பணி ஆணையை நம்பாதீர்கள். அசல் சான்றிதழ்களைத் தரகரிடம் ஒருநாளும் கொடுக்காதீர்கள். பணம் போனாலும் சம்பாதிக்கலாம், சான்றிதழைப் பிணையாக வைத்துக்கொண்டு மேலும் கறப்பார்கள். பெற்றோரை நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: நாவிக் பணிக்குப் பொதுப் பிரிவில் 22 வயதுதான் வரம்பு. ‘அடுத்த மாதம், அடுத்த மாதம்’ என்று தரகரின் போனுக்குக் காத்திருந்தே அந்த வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மானம் போய்விடும் என்று மூடி மறைக்காதீர்கள். ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அந்த ஆளுடன் பேசிய குறுஞ்செய்திகளையும் அவர் அனுப்பிய போலி ஆணையையும் ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். வழக்குக்கு அவைதான் சாட்சி.