செட்டில்மென்ட் எழுதும் முன் அந்த ஒரு பாராவைச் சேருங்கள்

பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் சாப்பாடு இல்லாமல் வக்கீலைத் தேடி வரும் பெற்றோர் குறைந்தபாடில்லை. எல்லோரும் சொல்வது ஒன்றே: "செட்டில்மென்ட்தானே சார், ரத்து பண்ணிடுங்க."

முடியாதுங்க. உயில் வேறு, தான செட்டில்மென்ட் வேறு. உயில் எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் அமலுக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகி, பிள்ளை அதை ஏற்றுக்கொண்டால் சொத்து அன்றே பிள்ளையுடையது. பட்டா இன்னும் உங்கள் பெயரில் இருக்கலாம், வீட்டு வரியை நீங்களே கட்டலாம், மூலப் பத்திரம் உங்கள் பீரோவிலேயே இருக்கலாம். எதுவும் உதவாது. தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதியவும் வழியில்லை. வழக்கமான மாதிரியில் 'இதை எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை' என்ற வரி வேறு இருக்கும். கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டாமா?

மீட்க இருக்கும் வழி, 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிறைந்தவர் கொடுத்த சொத்து அது என்றால், சொத்தை வாங்கிக்கொண்டவர் கைவிடும்போது பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அந்த நிபந்தனையில்தான் வழக்கே இழுபடுகிறது. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது 2022-ல் உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் ஒரு தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; மகன் தனியே எழுதிக் கொடுத்த உறுதிமொழி அவர் கையில் இருந்தது. அன்பும் பாசமுமே நிபந்தனைதான் என்று சென்னை உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது 2022 தீர்ப்பைத்தான்.

ஆகவே பத்திரத்திலேயே எழுதுங்கள்: 'என் ஆயுள் காலம் வரை உணவு, மருத்துவம், இருப்பிடம் அளித்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் இப்பத்திரம் செல்லாது.' அதே வீட்டில் சாகும்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் ஆயுள்கால உரிமையைத் தனிப் பாராவாக வையுங்கள். பிள்ளை கோபித்துக்கொள்ளுமே என்று தயங்காதீர்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரம் இல்லையென்றால் உயிலே போதும்.

ஏற்கெனவே எழுதிவிட்டீர்களா? கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்; மேலே சொன்ன தீர்ப்பாயம் அவர் தலைமையில்தான் இயங்குகிறது. பத்திர நகல், வயதுச் சான்று, புதிய வில்லங்கச் சான்று, மருத்துவ ரசீதுகளை இணையுங்கள். நீங்களே நேரில் கொடுக்கலாம். நடக்க முடியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைத்து வழி கேளுங்கள். சொத்து மூன்றாம் நபருக்கு விற்கப்பட்டுவிட்டால் மீட்பது பல மடங்கு கடினம். தயவுசெய்து அதற்குள் வந்துவிடுங்கள்.