பட்டியலில் இல்லாத ரவுட்டர்

கல்லடியில் என் மேசை மூலையில் கிடந்த ரவுட்டர், ஓர் இணைய இணைப்போடு சேர்ந்து வந்து, இணைப்பு மாறியதும் வேலையற்றுப்போன சாமான். அதைச் செய்தவர்கள் புதிய ஃபர்ம்வெயர் (உள்ளிருந்து அதை இயக்கும் மென்பொருள்) தருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ஃபர்ம்வெயரை ஏற்றலாம் என்று பார்த்தால், அது ஆதரிக்கும் கருவிகளின் பட்டியலில் இந்த மாதிரியின் பெயர் இல்லை. பெரும்பாலானோர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் மூடியைத் திறந்தால், உள்ளே இருப்பது மீடியாடெக்கின் எம்டி7628 என்ற, 580 மெகாஹேர்ட்ஸில் ஓடும் மிகச் சாதாரணமான சில்லு; பட்டியலில் உள்ள பல ரவுட்டர்களின் வயிற்றிலும் அதுதான் இருக்கிறது.

அப்படியானால் இல்லாதது எது? மடிக்கணினியில் லினக்ஸை நிறுவும்போது, யூஎஸ்பி, பிசிஐ போன்ற தடங்களில் பூட்டிய பாகங்கள் தாம் இன்னார் என்று தாமே சொல்லிவிடுகின்றன. ரவுட்டரின் சில்லுக்குள் இருக்கும் பாகங்கள் வாய் திறப்பதில்லை. எந்த நினைவக முகவரியில் எந்தப் பாகம் இருக்கிறது, சில்லின் எந்தக் காலில் எந்த விளக்கு தொங்குகிறது, ரீசெட் பொத்தான் எங்கே போய்ச் சேருகிறது, ஃபிளாஷ் நினைவகத்தில் எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையெல்லாம் யாராவது எழுதிக் கொடுத்தால்தான் லினக்ஸின் கருவான கேர்னலுக்குத் தெரியும். அந்தக் கோப்புக்குப் பெயர் டிவைஸ் ட்ரீ. சில்லுக்குப் பொதுவான பகுதியை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சுற்றுப்பலகைக்கே உரிய பகுதிதான் எழுதப்படாமல் கிடக்கிறது.

இந்த முயற்சிகளுக்கெல்லாம் வழி திறந்தது 2002இன் இறுதியில் வெளிவந்த லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டர். அதற்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்ததும், லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்தின்படி அந்த நிறுவனம் மூலநிரலை வெளியிடவேண்டியதாயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. மூலநிரலைக் கேட்டால் தரவேண்டிய கடமை இன்றைய தயாரிப்பாளர்களுக்கும் உண்டு. கேட்டவருக்குக் கிடைக்கிறதா என்பது வேறு கதை.

கிடைக்காவிட்டாலும், ரவுட்டரிடமே கேட்கலாம். பலகையின் ஓரத்தில் வரிசையாக நான்கு துளைகள் இருந்தால் அது பெரும்பாலும், ரவுட்டர் தன் தொடக்கச் செய்திகளை எழுத்தாக அனுப்பும் சீரியல் போர்ட். மல்டிமீற்றரை வைத்துப் பார்க்கையில், உலோகக் கவசத்தோடு தொடர்புள்ளது கிரவுண்ட், அசையாமல் 3.3 வோல்ற்றுக் காட்டுவது மின்வழங்கல்; மின் கொடுத்த சில விநாடிகளுக்கு அளவு துள்ளித் துள்ளி நிற்பது, ரவுட்டர் பேசும் கால்; எஞ்சியது கேட்கும் கால். எனது பலகையில் கடற்காற்றின் உப்பினால் துளைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தபடியால், ஈயம் ஒட்டுவதற்கு முன் அதைச் சுரண்டவேண்டியிருந்தது. இந்தக் கால்களைக் கணினியோடு இணைப்பதற்கான யூஎஸ்பிக் கருவியை நான் வாங்கியது கல்முனையில். “தம்பி, இந்த ஜம்பர அஞ்சு வோல்ற்றுல விட்டுப் போர்டப் பொசுக்கிப் போடாதீங்க” என்று, அதன் மின்னழுத்தத்தைத் தெரிவுசெய்யும் சிறு செருகியைக் காட்டிக் கடைக்காரர் சொன்னது, இந்த வேலையில் எவரும் தரக்கூடிய புத்திமதிகளுள் முதன்மையானது. மின்வழங்கல் காலை விட்டுவிட்டு, ஒன்றின் பேசும் காலை மற்றதன் கேட்கும் காலோடு மாற்றி இணைத்தேன். விநாடிக்கு 115200 பிட் என்ற வேகத்தில் திரையில் வந்தது வெறும் குப்பை. 57600 ஆகக் குறைத்ததும் எழுத்துகள் தெளிந்தன.

முதலில் பேசியது, மின் வந்ததும் ஓடிக் கேர்னலை ஏற்றிவிடும் யூபூட் என்ற பூட்லோடர்; அது சில விநாடிகள் காத்திருந்து ஒரு தெரிவுப் பட்டியலைக் காட்டும். அதன் பின் பழைய ஃபர்ம்வெயரின் கேர்னல், ஃபிளாஷைத் தான் எப்படிப் பிரித்திருக்கிறது என்பதை வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனது. பதினறும எண்களில், 0 முதல் 30000 வரை பூட்லோடர், 40000 வரை அமைப்புகள், 50000 வரை ஃபேக்டரி, அதற்கு மேல் கேர்னலும் கோப்புகளும். டிவைஸ் ட்ரீயில் எழுதவேண்டியதில் பாதி இவ்வாறு எதிராளியின் வாயிலிருந்தே கிடைத்துவிட்டது. ஃபிளாஷ் சில்லின் மேல் பொறித்திருந்த 64 என்ற எண் மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் 8 மெகாபைட். புதிய ஃபர்ம்வெயர் அதற்குள் அடங்கவேண்டும்.

இந்த விவரங்களை டிவைஸ் ட்ரீயில் எழுதி, அதோடு தொகுத்த ஃபர்ம்வெயரை உடனே ஃபிளாஷில் எழுதுவது மடத்தனம். யூபூட் பட்டியலில் 1ஐ அழுத்தினால், கணினியிலிருந்து டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாகக் கேர்னலைப் பெற்று, ஃபிளாஷைத் தொடாமல் ரேமிலேயே ஓட்டும். பிழையாகிப்போனால் மின்னை நிறுத்திப் போட, பழைய ரவுட்டர் பழையபடி எழும்பும். நான் நான்கு தடவை பிழைவிட்டேன். நான்கு தடவையும் ஒன்றும் கெடவில்லை.

ரேமில் ஓடும் அந்த லினக்ஸிலிருந்து முதலில் செய்யவேண்டியது, ஃபிளாஷ் முழுவதையும் படியெடுப்பது. கேர்னல் அழிந்தால் வேறு எழுதலாம். பூட்லோடர் அழிந்தால்கூட, ஃபிளாஷ் சில்லில் கிளிப் மாட்டி எழுதி மீட்கலாம். ஃபேக்டரி என்ற 64 கிலோபைட் துண்டு மட்டும் உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஒவ்வொரு ரவுட்டரின் வானொலிப் பகுதியையும் தொழிற்சாலையில் தனித்தனியே அளந்து எடுத்த திருத்தங்களும், வலையமைப்பில் அதை அடையாளங்காட்டும் மாக் முகவரியும் அதில் இருக்கின்றன. பக்கத்து வீட்டு ரவுட்டரிலிருந்து எடுத்துப் போட்டால் வைஃபை ஓடும், ஆனால் அளவு பிசகி ஓடும். படியில் அந்தத் துண்டைத் திறந்து பார்த்தபோது அதன் முதல் இரு பைட்டுகள் 28, 76 என்று இருந்தன: 7628 என்ற சில்லின் எண், சிறிய பைட் முன்னே வரும் முறையில் எழுதப்பட்டிருக்கிறது. படி சரியாக வந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அதன் பிறகுதான் நிரந்தரமாக எழுதினேன். அது சில நிமிட வேலை; எனினும் மார்கழி மழையில் மின்சாரம் எந்நேரமும் போகும் ஊர் இது என்பதால், ரவுட்டரையும் கணினியையும் யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டே தொடங்கினேன். ஓப்பன்டபிள்யூஆர்டி அடிப்படைக் கோப்புகளைச் சுருக்கி, மாற்றமுடியாத ஒரு பகுதியாக வைக்கிறது. நாம் செய்யும் மாற்றங்கள் அதன் மேல் ஒரு மெல்லிய படலமாக வேறிடத்தில் சேருகின்றன. ரீசெட் செய்தால் அந்தப் படலம் மட்டும் உரியும்.

இப்போது எல்லாம் ஓடுகிறது, ஒரு விளக்கைத் தவிர. இணையம் இருக்கும்போது அணைந்தும், இல்லாதபோது எரிந்தும் நிற்கிறது. விளக்கின் மறுமுனை மின்வழங்கலோடு இணைந்திருப்பதால், சில்லின் காலில் மின்னழுத்தம் தாழ்ந்தால்தான் அது எரியும். நான் உயர்ந்தால் எரியும் என்று எழுதிவிட்டேன். டிவைஸ் ட்ரீயில் ஒரு சொல்லை மாற்றி, மறுபடி தொகுக்கவேண்டும்.